நிறைந்தே இருந்த தண்ணீர் பாட்டில்கள்

ரோஸ்லின் மூன்று வாரமாக என்னை நச்சரிக்கிறார். பெண்களை மலைக்குக் கூட்டிப்போகும் நம் குழுவில் வழிகாட்டிகளாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் நான்கு பேருக்கும் நான் ஏதாவது எழுதித் தர வேண்டுமாம். முழங்கால் இரண்டும் போனதிலிருந்து இந்த அம்மா வீட்டில் சும்மாதானே இருக்கிறார் என்று நினைப்பு. சும்மா இருப்பதும் எனக்கு அலுப்பாகத்தான் இருக்கிறது, எழுதுவது அதைவிட அலுப்பு. ஆனால் இந்தச் சனிக்கிழமைப் பயணத்தின் பட்டியலை அவர் எனக்கு அனுப்பியிருந்தார். அதைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

எந்த ஷூ போடுவது, பை எத்தனை கிலோ இருக்கலாம், வனத்துறை அனுமதிக்கு எத்தனை நாள் முன்னால் எழுதுவது என்பதெல்லாம் இதில் இருக்காது. அதையெல்லாம் ரோஸ்லின் சொல்லித் தருவார். என்னைவிட அவருக்குப் பொறுமை அதிகம். சாப்பாட்டைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. "மதியச் சாப்பாடு நாங்களே தருகிறோம், யாரும் எதுவும் கட்டிக்கொண்டு வர வேண்டாம்" என்று நீங்கள் எத்தனை முறை சொன்னாலும் ஒருவரும் கேட்க மாட்டார்கள். பத்துப் பேர் வந்தால் பத்துப் பேருமே பத்துப் பேருக்குப் புளிச்சோறு கட்டிக்கொண்டு வருவார்கள். தொட்டுக்கொள்ள வெஞ்சனம் தனியாக வரும். ஒரு அம்மா எவர்சில்வர் தூக்குவாளி இரண்டைக் கையில் தொங்கவிட்டபடி ஆறு கிலோமீட்டர் ஏறினார். இதில் சண்டை போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். நான் பதினேழு வருடம் போட்டுத் தோற்றேன்.

நான் திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்தவள். அந்த வேலையை விட்டுவிட்டுத்தான் இதற்கு வந்தேன். எனக்கு மலையேற்றம் சொல்லிக் கொடுத்தவர் ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவர். பெயர் வேண்டாம், நல்ல மனிதர். அவர் எனக்கு மூன்று விதி சொன்னார். கிளம்பும்போது ஒவ்வொருவர் பாட்டிலும் விளிம்பு வரை நிறைந்திருக்க வேண்டும். வரிசையின் கடைசியில் நம்பிக்கையான ஒரு ஆம்பளை வர வேண்டும், யாரும் பின்தங்கிக் காணாமல் போகக் கூடாது. யாருக்காவது ஏதாவது ஒன்று என்றால் உடனே வீட்டுக்குப் போன் போட வேண்டும். இந்த மூன்றையும் நான் வேதவாக்காக வைத்திருந்தேன். அவர் ஆண்களை நடத்திக் கூட்டிப்போனவர் என்பது எனக்கு வெகு நாள் உறைக்கவே இல்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் நடந்தது இது. கொடைரோடு பக்கத்து அடிவாரத்திலிருந்து சிறுமலைக்கு ஏறும் பழைய ஒற்றையடிப் பாதை. பதினோரு பெண்கள். முன்னால் ரோஸ்லின், நடுவில் நான், கடைசியில் வனத்துறை அனுப்பிய காவலர் ஒருவர். ஐம்பது வயது மனிதர், மரியாதையானவர். ஒரு நாள் ஏறி, மேலே தங்கி, மறுநாள் இறங்குவது திட்டம். திட்டத்தை நானே கையால் எழுதி, நகல் எடுத்து எல்லோருக்கும் கொடுத்திருந்தேன். அதைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது.

அந்தப் பதினோரு பேரில் ஒருவர் பவுனம்மாள். நிலக்கோட்டையில் ஒரு பூக் கமிஷன் கடையில் வேலை. மல்லிகை வந்து இறங்கியதும் மொக்கு வேறு, மலர்ந்தது வேறு என்று பிரித்து எடை போடுகிற வேலை. அதற்கு முன்னால் இரண்டு முறை பெயர் கொடுத்துவிட்டு இரண்டு முறையும் வராமல் போனவர். வீட்டில் விடவில்லை. மூன்றாம் முறை எப்படியோ மகனைச் சம்மதிக்க வைத்துவிட்டார். ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று நான் போனில் கேட்டபோது அவர் சொன்னார்:

"கல்யாணமாகி வந்ததுலருந்து இந்த மலையக் கீழ இருந்தே பாத்துக்கிட்டு இருக்கேன் டீச்சர். மேல இருந்து பாத்தா நம்ம ஊரு எப்பிடித்தான் இருக்கும்னு ஒரு தடவ பாத்துரணும். அம்புட்டுத்தான்."

உடல்நிலைப் படிவம் என்று ஒன்று அனுப்புவோம். பவுனம்மாளிடம் இருந்தது பட்டன் போன், அதனால் மகனுடைய போனுக்கு அனுப்பினேன். சர்க்கரை இல்லை, ரத்தக்கொதிப்பு இல்லை, வேறு தொந்தரவு எதுவும் இல்லை என்று மகன் நிரப்பி அனுப்பினார். எல்லாம் இல்லை என்றிருந்ததில் எனக்கு நிம்மதி. ஒரு பெண் தன் உடம்பைப் பற்றி மகனிடம் என்ன சொல்லியிருப்பார், என்ன சொல்லாமல் விட்டிருப்பார் என்று நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

காலை ஐந்து மணிக்குத் திண்டுக்கல்லில் வேன் கிளம்பியது. கொடைரோட்டில் பவுனம்மாள் ஏறிக்கொண்டார். அதற்குப் பிறகு ஒரு பெட்ரோல் பங்க்கில் பத்து நிமிடம் நிறுத்துவதாகத் திட்டத்தில் எழுதியிருந்தேன். எதற்கு என்று எழுதவில்லை, எல்லோருக்கும் புரியும். ஆனால் நாங்கள் போனபோது அங்கே ஒரு சுற்றுலாப் பேருந்து நின்றது. கழிப்பறைக்கு வெளியே வரிசையாக ஆண்கள். நாங்கள் ஏற்கெனவே தாமதம், அடிவாரத்தில் காவலர் காத்துக்கொண்டிருந்தார். டிரைவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "போயிருவமா டீச்சர்? அங்கிட்டுப் போயிப் பாத்துக்கிறலாம்" என்றார். நான் வேனுக்குள் பார்த்து, "யாருக்காவது இறங்கணுமா?" என்று சத்தமாகக் கேட்டேன். பதினோரு பேரும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள். நான் அதை நம்பினேன்.

அடிவாரத்தில் விதிப்படி ஒவ்வொரு பாட்டிலையும் தூக்கிப் பார்த்தேன். எல்லாம் விளிம்பு வரை நிறைந்திருந்தன. ஏறத் தொடங்கினோம். ஒரு மணி நேரம் கழித்து முதல் ஓய்வில் பார்த்தேன், பாட்டில்கள் அப்படியே இருந்தன. அடுத்த ஓய்விலும் அப்படியே. "பாத்தியா, தண்ணிய எவ்வளவு சிக்கனமா வச்சிருக்காங்க" என்று ரோஸ்லினிடம் நான் மெச்சிக்கொண்டேன். இதை எழுதும்போது எனக்கு இப்போதும் கூசுகிறது.

பதினொரு மணி வாக்கில், பாதையில் முக்கால்வாசி ஏறிய இடத்தில், பவுனம்மாள் ஒரு பாறையில் உட்கார்ந்தார். கெண்டைக்கால் இரண்டும் இழுத்துக்கொண்டது. முகம் வெளுத்துவிட்டது, உதடு காய்ந்து வெடித்திருந்தது. கண்ணைத் திறக்க முடியாமல் தலை பின்னால் சாய்ந்தது. நான் ஓடிப்போய் அவருடைய பாட்டிலையே திறந்து வாயருகே வைத்தேன். அவர் உதட்டை இறுக மூடிக்கொண்டார்.

"கொஞ்சம் குடிங்க பவுனம்மா."

"வேணாம் டீச்சர். செத்த நேரம் உக்காந்தாச் சரியாப் போயிரும்."

"ஒரு வாய் குடிங்க."

தலையை மட்டும் ஆட்டினார். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. சர்க்கரையா, இருதயமா, ஒன்றும் தெரியவில்லை. படிவத்தில் எல்லாம் இல்லை. என் சட்டைப்பையில் இரண்டு நம்பர் இருந்தது. ஒன்று மேலே மலைக் கிராமத்துச் சுகாதார நிலையத்தில் இருக்கும் நர்ஸம்மாவுடையது. இன்னொன்று பவுனம்மாளின் மகனுடையது. நான் போனை எடுத்ததைப் பவுனம்மாள் பார்த்துவிட்டார். அந்த மயக்கத்திலும் என் கையைப் பிடித்தார்.

"டீச்சர், எம்மவனுக்குப் போட்டுறாதீங்க. ஒங்களக் கும்பிட்டுக்கிறேன். அவனுக்குத் தெரிஞ்சா நான் இனி வாசப்படி தாண்ட முடியாது."

நான் மகனுக்குத்தான் போட்டேன்.

விதி அது என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையைச் சொல்கிறேன், அந்தப் போன் பவுனம்மாளுக்காகப் போட்டதில்லை. நாளைக்கு யாரும் என்னைப் பார்த்து ஏன் சொல்லவில்லை என்று கேட்டுவிடக் கூடாது என்று எனக்காகப் போட்டது. நிலக்கோட்டையில் இருந்த மகன் அந்த மலைச்சரிவில் என்ன செய்துவிட முடியும்? "அம்மாவுக்கு முடியலையா? நான் இப்பவே வாரேன்" என்று கத்தினார். சுற்றிக்கொண்டு திண்டுக்கல் வந்து தார் ரோடு வழியாக மேலே வருவதாகச் சொல்லி வைத்துவிட்டார். அதற்குப் பிறகுதான் நர்ஸம்மாவுக்குப் போட்டேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "காலையில இருந்து ஒண்ணுக்குப் போனாங்களா?"

நான் அதைக் கவனித்தே இருக்கவில்லை. உப்பும் சர்க்கரையும் கலந்து தண்ணீர் கொடுக்கச் சொன்னார், எப்படியாவது மேலே கொண்டு வரச் சொன்னார். கலந்தேன். பவுனம்மாள் அதையும் குடிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டே மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "குடிச்சா வரும்ல டீச்சர்" என்றார்.

எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தவர் சரசு. கீரனூர்க்காரர், மிளகாயும் தென்னையும் வைத்திருக்கும் சம்சாரி வீட்டுப் பெண். காலையிலிருந்து பத்து வார்த்தைகூடப் பேசாதவர். அவர் காதில் விழுந்துவிட்டது.

"ஏனுங் டீச்சர், தண்ணியக் கையில வச்சுக்கிட்டு நின்னா எப்புடிங்க? மொதல்ல ஒரு மறைப்பக் கட்டுங்க. அந்தக் காவக்கார அண்ணன முன்னால போகச் சொல்லுங்க."

"எல்லாருமே நேத்து ராத்திரிலருந்து தண்ணி குடிக்கலைங்க" என்றும் சொன்னார். "வழியில எடம் இருக்குமோ இருக்காதோன்னு யாருக்குத் தெரியும்? நீங்க வேன்ல கேட்டீங்க, டிரைவர் காது குடுத்துக்கிட்டு இருக்கறப்ப ஆரு எந்திரிச்சு நான் போகோணும்னு சொல்லுவாங்க? இங்க செத்த பின்னால நிக்கலாம்னாலும் கடைசியா ஒரு ஆம்பள வாராருங்களே."

நான் ஒவ்வொருவர் பையையும் பார்த்தேன். பதினோரு பாட்டிலும் நிறைந்திருந்தன. பவுனம்மாளுடைய பாட்டில் மட்டும் நான் திறந்ததால் மூடி கழன்றிருந்தது. பிறகு என் பையைப் பார்த்தேன். என் பாட்டிலும் நிறைந்தே இருந்தது.

அதை என்னவென்று சொல்ல. பதினைந்து வருடமாக மலையேறும் நாட்களில் நான் தண்ணீர் குடித்ததில்லை. பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த காலத்திலும் குடித்ததில்லை, அங்கே ஆசிரியைகளுக்கு ஒரே ஒரு கழிப்பறை, அதற்குத் தாழ்ப்பாள் கிடையாது. பழக்கமாகிவிட்டது. அதை நான் உடல் கட்டுப்பாடு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மற்ற பெண்களுக்கு அதே காரியத்தைச் சிக்கனம் என்று பெயர் வைத்து மெச்சினேன்.

காவலரிடம் போய் நேராகச் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு வளைவைத் தாண்டி விறுவிறுவென்று முன்னால் போய்விட்டார். சரசு பையிலிருந்து மாற்றுச் சேலையை உருவினார். இரண்டு மரத்துக்கு நடுவே கட்டினோம். ரோஸ்லின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு திரும்பி நின்றார். முதலில் சரசு போனார், பிறகு ஒவ்வொருவராக. யாரோ ஒருவருக்குச் சிரிப்பு வந்தது, அது எல்லோருக்கும் தொற்றிக்கொண்டது. "இம்புட்டு நேரம் அடக்கிக்கிட்டு மலைய எங்குட்டுப் பாத்தேன், காலைத்தான் பாத்தேன்" என்று ஒரு பெண் சொன்னார். கடைசியில் இரண்டு பேர் கைத்தாங்கலாகப் பவுனம்மாளைக் கூட்டிப்போனார்கள். திரும்பி வந்து உட்கார்ந்ததும், யாரும் சொல்லாமல், அவரே கையை நீட்டிப் பாட்டிலை வாங்கினார். மடக்மடக்கென்று குடிக்கப் போனவரைத் தடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தோம். அரை மணி நேரத்தில் முகத்தில் ரத்தம் திரும்பியது.

அரை மணி நேரம். நான் அதற்குள் மகனுக்குப் போன் போட்டு முடித்திருந்தேன்.

அடிவாரத்தில் வாழைத்தாரை இறக்கிவிட்டுச் சும்மா மேலே திரும்பிக்கொண்டிருந்த ஒரு குதிரைக்காரர் அந்த வழியாக வந்தார். சிறுமலையில் வாழையும் எலுமிச்சையும் இன்னும் குதிரை முதுகில்தான் இறங்குகின்றன. பவுனம்மாளை அந்தக் குதிரையில் ஏற்றினோம். "தாரு மாரி என்னைய ஏத்தி விட்டீங்களே" என்று அவர் சிரித்தார். மேலே நர்ஸம்மா பார்த்தார். பவுனம்மாளை மட்டும் உள்ளே வைத்துக்கொண்டு, எங்களை வெளியே அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு கேட்டார். படிவத்தில் இல்லாதது எல்லாம் அப்போதுதான் வந்தது. பல வருடமாக நீர்க்கடுப்பு. கடையில் கழிப்பறை உண்டு, ஆனால் அதன் சாவி முதலாளி நாற்காலிக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். அவரைச் சுற்றி எப்போதும் பத்து வியாபாரிகள் உட்கார்ந்திருப்பார்கள். அத்தனை பேர் முன்னால் போய்ச் சாவி கேட்க வெட்கப்பட்டு, காலையில் கடைக்குப் போனால் மத்தியானம் வீடு திரும்புகிற வரை தண்ணீர் குடிப்பதில்லை. இருபது வருடப் பழக்கம். இப்போதைக்கு ஆபத்து இல்லை, ஓய்வெடுக்கட்டும், இறங்கியதும் பெரிய ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும் என்றார் நர்ஸம்மா.

ஊர் தெரிகிற இடம் அங்கிருந்து அரைக் கிலோமீட்டர்தான். சமதளப் பாதை. "சாயங்காலம் மெதுவா நடந்து போயிப் பாப்போம் டீச்சர்" என்று பவுனம்மாள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மகனுடைய பைக் வந்து நின்றது.

அவரைக் கெட்டவர் என்று நினைக்காதீர்கள். கொண்டை ஊசி வளைவுகளில் அழுதுகொண்டே வந்திருப்பார் போல, கண் சிவந்திருந்தது. "எங்கம்மாவுக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணுன்னா யாரு பதில் சொல்லுவா?" என்று என்னைக் கேட்டார். அம்மாவிடம், "போதும், போயி பாத்ததெல்லாம் போதும். இனிமே எங்கிட்டும் போக வேணாம்" என்றார். அரைக் கிலோமீட்டர்தான் தம்பி, பத்து நிமிடம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். அவர் என் முகத்தையே பார்க்கவில்லை. பவுனம்மாள் பைக்கில் ஏறிக்கொண்டார். போகும்போது மகனையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. மடியில் அந்தப் பாட்டிலை வைத்திருந்தார்.

மற்ற பத்துப் பேரும் அன்று சாயங்காலம் போய் ஊரைப் பார்த்தார்கள். நான் போகவில்லை. எனக்கு மனசு வரவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் இந்த வேலை பார்த்தேன். மூன்று விதியையும் மாற்றினேன். பாட்டில் நிறைந்திருக்கிறதா என்று கிளம்பும்போது பாருங்கள், ஆனால் முதல் ஓய்வில் காலியாகியிருக்கிறதா என்று பாருங்கள். நிறைந்த பாட்டிலைக் கண்டால் பயப்படுங்கள். உங்கள் பாட்டிலை எல்லோர் முன்னாலும் திறந்து குடியுங்கள், எல்லோர் முன்னாலும் "நான் போயிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு நீங்களே முதலில் மறைப்புக்குள் போங்கள். இறங்கணுமா என்று வேனில் கேட்காதீர்கள், கேட்காமல் நிறுத்துங்கள். நிறுத்துகிற இடத்தை முந்தின நாளே போய், உள்ளே நுழைந்து, தாழ்ப்பாள் போட்டுப் பாருங்கள். வரிசையின் கடைசியில் நம் பெண் ஒருவர் வரட்டும், காவலர் முன்னால் போகட்டும். உடல்நிலைப் படிவத்தை வீட்டுக்கு அனுப்பாதீர்கள், ஒவ்வொருவரையும் தனியாக உட்கார வைத்து வாயால் கேளுங்கள். அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்பதையும் அவரிடமே கேளுங்கள். அது வீட்டு ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. முதல் போன் யாரால் உதவ முடியுமோ அவருக்கு.

இவ்வளவு எழுதிய பிறகும் எனக்கு அந்த நாள் ஆறவில்லை. சட்டம் எழுதிவிட்டால் ஆறிவிடும் என்று நினைத்தேன்.

போன மாதம் முழங்காலுக்கு எண்ணெய் வாங்க நிலக்கோட்டை வரை போக வேண்டியிருந்தது. மனசு கேட்காமல் அந்தப் பூக்கடைக்குப் போனேன். பவுனம்மாள் சாக்கின் மேல் உட்கார்ந்து மொக்குப் பிரித்துக்கொண்டிருந்தார். மூன்று வருடம் கழித்துப் பார்க்கிறார், எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் பாதிக்கு மேல் குறைந்த தண்ணீர் பாட்டில். இடுப்பில், சேலை முடிச்சில், ஒரு சாவி.

"மொதலாளிகிட்ட நேராப் போயிக் கேட்டுப்புட்டேன் டீச்சர். பத்துப் பேரு உக்காந்திருந்தாங்க. பதினோரு பொம்பளைங்க மலையில சேல கட்டி மறைச்சுப் போயிட்டு வந்தோம், இங்க ஒரு சாவி கேக்குறதுக்கு என்ன வெக்கம்? இனிமே இது எங்கிட்டத்தான் இருக்கும்னுட்டேன். இப்ப வேல பாக்குற பிள்ளைக எல்லாம் என்கிட்டத்தான் வாங்கிட்டுப் போகுதுக."

நான் மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். கேட்டேன். அவர் "மேல இருந்து நம்ம ஊரு தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். நன்றாகத் தெரியும் என்றேன்.

இப்போது பட்டியலுக்கு வருகிறேன். இந்தச் சனிக்கிழமை அதே சிறுமலைப் பாதையில் உங்களோடு வரும் பெண்களில் ஏழாவது பெயர் பவுனம்மாள். அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர் என்ற இடத்தில் கீரனூர் சரசுவின் நம்பர் இருக்கிறது. பட்டியலைப் பார்த்ததும் நான் பவுனம்மாளுக்குப் போன் போட்டேன். "மகன்கிட்டக் கேட்டீங்களா?" என்றேன்.

"கேக்கல டீச்சர். சொல்லிட்டேன்" என்றார்.

என்னால் வர முடியாது, முழங்கால் விடாது. நீங்கள்தான் கூட்டிப்போக வேண்டும். மேலே சேர்ந்ததும் சாப்பாட்டுக்கு உட்காராமல் நேராக ஊர் தெரிகிற இடத்துக்கு அவரைக் கூட்டிப்போய்விடுங்கள். மத்தியானத்துக்கு மேல் மேகம் இறங்கினால் நிலக்கோட்டை தெரியாது.